வண்டிக் கொட்டகையின் அவசியம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களைச் சேர்ந்த மானாவாரிச் சீமையில், எம்.ரெட்டியபட்டி போன்ற கிராமங்களின் குடியானவர், மாட்டுக்குத் தொழுவமும் தானியத்திற்குக் குதிரும் அமைப்பர். வண்டியை மட்டும் வெயிலில் நிறுத்தி விடுவது வழக்கமாயிருக்கிறது. சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய வண்டியாயின், கடன் தீருமுன் வண்டி தேய்ந்து போவது குடும்பத்திற்குப் பெருநஷ்டமாகும்.

உஷ்ணத்தால் மரச்சக்கரத்தின் வட்டையும் ஆரக்காலும் காய்ந்து சுருங்க, இரும்புப் பட்டா தளர்ந்து கழலும். சக்கரத்தைக் கண்மாய் நீரில் ஊற வைப்பது தற்காலிகப் பரிகாரமே; மீண்டும் காய்ந்தவுடன் பட்டா முன்போல் தளரும். டிராக்டர், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றின் ரப்பர் டயர்களும் வெயிலில் வெடிப்புக் காண்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கின்றன.

கொட்டகையின் அளவு, வண்டியைச் சுற்றி ஓர் ஆள் நடமாடும்படி இருத்தல் வேண்டும். சிறிய டிராக்டருக்கு 16 அடி நீளமும் 10 அடி அகலமும் போதுமானவை. பிற்பகல் வெயிலும் ஆடிக் காற்றும் மேற்கிலிருந்து தாக்குவதால், அப்பக்கம் மண்சுவரோ தட்டியோ வைத்து, கூரையடியில் காற்றோட்டத்திற்கு இடைவெளி விடுதல் நலம்.

கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் பிளக்கும் இயல்புடையது. ஆகையால் தூண்குழியை வெடிப்பு எட்டும் ஆழத்திற்குக் கீழாகத் தோண்டி, தூணைச் சுற்றிச் சரளையிட்டுக் கெட்டிப்படுத்த வேண்டும். தரையையும் சரளையால் உயர்த்தி, நீர் வடியும்படி வாட்டம் விடுதல் அவசியம்.

பனை ஓலைக் கூரை குளிர்ச்சி தரும். கட்டை வண்டிக்கு அதுவே ஏற்றது. பெட்ரோல், டீஸல் வாகனங்களுக்குத் தீப்பயம் உண்டாதலால் ஓடோ தகரமோ தக்கது. தகரத்தைக் காற்றுப் பெயர்க்காதபடி கைமரத்துடன் முறுக்காணியால் பிணைக்க வேண்டும். வைக்கோற் படப்பு அருகில் இருத்தலாகாது. கைமரத்திற்காகப் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென 2021-இல் தமிழக அரசு அறிவித்திருப்பதால், பழைய வீடுகளில் கழித்த பனங்கைகளைப் பயன்படுத்துவதே உசிதம்.

மேற்கூறிய அளவுள்ள கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 375 லிட்டர் ஜலம் விழும். தகரக் கூரையின் ஓரத்தில் தூம்பு வைத்துத் தொட்டியில் சேர்த்தால், அது கால்நடைகளுக்குப் பயன்படும். எனவே வண்டிக்கென்று கடன் கோரும் அங்கத்தினர், கொட்டகைச் செலவையும் முன்னதாகவே கணக்கிற் சேர்த்துக் கொள்ளுதல் விவேகமாகும்.