சுகாதாரப் பாடம்: நியாசின் என்னும் சத்து



எங்கள் டிவிசனில் ஒரு அண்ணனுக்குக் கழுத்தைச் சுற்றியும் புறங்கையிலும் தோல் கறுத்து உரிந்தது. "மலை வெயில்தான், தேங்காயெண்ணெய் பூசு" என்றார்கள். பிறகு வயிற்றோட்டம் நிற்கவில்லை. சம்பள நாள்கூட ஞாபகம் இல்லாமல் தடுமாறினார். "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்று பூசாரியிடம் ஓடினார்கள். கடைசியில்தான் ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்டது, "என்ன சாப்பிடுகிறார்?" மனைவி அழுதுகொண்டே, "சாப்பாடு எங்க ஐயா, கசிப்புதான்" என்றார்.

அந்த வருத்தத்தின் பெயர் பெலாக்ரா. குறைந்திருந்த சத்து நியாசின். மாத்திரையும் நல்ல சாப்பாடும் கொடுத்ததும் சில நாளில் வயிற்றோட்டம் நின்றது. தோல் ஆற சில வாரம் எடுத்தது. கவனிக்காமல் விட்டால் இந்த வருத்தம் உயிரையே எடுக்கும்.

நியாசின் என்றால் என்ன?

இது விற்றமின் பி வகையில் ஒன்று, பி3. நாம் தின்னும் சோறும் ரொட்டியும் உடம்பில் சக்தியாக மாற இது வேண்டும். விறகு நிறைய இருந்தும் நெருப்புக்குச்சி இல்லாவிட்டால் அடுப்பு எரியுமா? அதுபோலத்தான்.

நிகோடினிக் அமிலம், நிகோடினமைடு என இதற்கு இரண்டு உருவம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் புகையிலையின் நிகோடினிலிருந்து முதலில் செய்ததால் அந்தப் பெயர் வந்தது. புகையிலையில் சத்து உண்டென்று சனங்கள் நினைத்துவிடக் கூடாது என்றுதான் பின்னால் நியாசின் என்று மாற்றினார்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மாமார் கவனிக்கவும்: நிகோடின் நம் உடம்புக்குள் நியாசினாக மாறாது. புகையிலையால் வாய்ப் புற்றுநோய்தான் வரும்.

குன்னூரில் படித்த பாடம்

சோளத்தையே நம்பி வாழ்ந்த ஸ்பெயின் ஏழைகளிடம் இந்த வருத்தத்தை 1735இல் காசல் என்ற வைத்தியர் கண்டார். இது கிருமியால் வருவதல்ல, சாப்பாட்டுக் குறையால் வருவது என்று அமெரிக்காவில் கோல்ட்பெர்கர் 1915இல் காட்டினார். குறைந்த சத்து நிகோடினிக் அமிலமே என்று 1937இல் எல்வெஜெம் கண்டுபிடித்தார்.

நம்மைப் போலத் தேயிலை மலையான நீலகிரியில், குன்னூரில் அப்போது ஓர் உணவு ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே எய்க்ராய்டும் சுவாமிநாதனும் 1940இல் தானியங்களை அளந்து பார்த்தார்கள். தீட்டிய அரிசியில் சோளத்தைவிட இந்தச் சத்து குறைவு! ஆனால் சோறு தின்பவர்களுக்குப் பெலாக்ரா வருவதில்லையே, ஏன்?

விடை பிறகு தெரிந்தது. சோளத்திலுள்ள நியாசின் உடம்பில் சேராதபடி கட்டுண்டு கிடக்கிறது. அதோடு, டிரிப்டோபன் என்ற புரதப் பொருளும் சோளத்தில் குறைவு. இந்த டிரிப்டோபன் 60 மில்லிகிராம் இருந்தால் உடம்பே 1 மில்லிகிராம் நியாசின் செய்துகொள்ளும். மெக்சிக்கோக்காரர் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து அரைப்பதால் கட்டு அவிழ்ந்து சத்துக் கிடைக்கிறது.

ஆராய்ச்சிக்கூடம் 1958இல் ஹைதராபாத் போனது. அந்தப் பக்கத்தில் இறுங்குச் சோளம் தின்ற கூலி ஏழைகளுக்கும் பெலாக்ரா வந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலனும் சிறிகண்டியாவும் 1960இல் அதைப் பற்றி எழுதினார்கள். அந்தத் தானியத்தில் லியூசின் என்ற பொருள் அதிகமாக இருப்பதே காரணம் என்பது அவர்கள் கருத்து.

நம் அடுப்படியில்

ஒரு நாளைக்கு ஆணுக்கு 16, பெண்ணுக்கு 14, கர்ப்பிணிக்கு 18 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் கச்சானில் ஏறக்குறைய 12 இருக்கிறது. மீன், கருவாடு, நெத்தலி, கோழி, பருப்பு எல்லாம் நல்லது. முட்டையிலும் பாலிலும் நியாசின் குறைவு, ஆனால் டிரிப்டோபன் உண்டு. பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேல். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து உள்ளே இறங்கிவிடும். இது தண்ணீரில் கரையும் சத்து. அதனால் அரிசியை ஏழெட்டுத் தண்ணி கழுவாதீர்கள், கஞ்சியை வடித்துக் கொட்டாதீர்கள். வெறும் ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது, ஒரு கரண்டி பருப்பாவது சேருங்கள்.

நினைவில் வைக்க

1. வெயில் படும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தோல் கறுத்து, வயிற்றோட்டமும் மறதியும் சேர்ந்தால் உடனே டிஸ்பென்சரிக்குப் போங்கள்.
2. குடிப்பவருக்கு ஆபத்து அதிகம். குடித்துவிட்டு வந்தாலும் சாப்பாடு கொடுங்கள். ஏச்சு அப்புறம்.
3. காசநோய்க்கு ஐசோனியசிட் மாத்திரை எடுப்பவருக்கும் இது வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.
4. நியாசின் மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்க வேண்டாம். அளவு மீறினால் முகம் சிவந்து எரியும், ஈரலும் கெடும்.

இதை லயத்தில் வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.