மாடி முகப்பில் கரி அடுப்பு

ஹஜ்ஜுப் பெருநாள் வந்துவிட்டால் குர்பானி இறைச்சியைத் தணலில் வாட்டி உண்பதில் நமக்குத் தனி ஆசை. முற்றமும் கொல்லையும் உள்ள வீடுகளில் இதனால் தொல்லை குறைவு. ஆனால் நம்மில் பலர் இன்று அடுக்குமாடிகளில் குடியிருக்கிறோம். பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊர்களிலோ, பக்கத்து வீட்டில் தறியும் பருத்தி நூலும் இருக்கும். ஒரு பொறி பறந்து விழுந்தால் அவர்களின் பிழைப்பே சாம்பலாகிவிடும். ஆகவே பால்கனியில் கரி அடுப்பு மூட்டலாமா என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியமாகும்.

மார்க்கம் காட்டும் வழி

இறைச்சியைச் சுட்டு உண்பது ஆகுமானதே. எனினும், பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது இப்னு மாஜாவில் பதிவான நபிமொழியின் கருத்து. ஃபிக்ஹுச் சட்டங்கள் பலவற்றுக்கு இது அடிப்படை.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளிருந்தவர்களோடு தீப்பற்றியது. அதையறிந்த நபி (ஸல்) அவர்கள் நெருப்பைப் பகையென்று எச்சரித்து, உறங்குமுன் அணைத்துவிடும்படி பணித்தார்கள். அபூமூஸா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

குடியிருப்புச் சங்கமோ வீட்டுக்காரரோ தீ மூட்டத் தடை விதித்து, நாமும் அதற்கு ஒப்பியிருந்தால், அதை மீறுவது ஒப்பந்த மீறலாகும். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி குர்ஆன் (5:1) கட்டளையிடுகிறது.

ஆபத்துகள் யாவை?

1. பொறி காற்றில் பறந்து மேல்வீட்டுத் திரையிலோ கொடித் துணியிலோ விழலாம். அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றும் சர்வதேசத் தீ விதி, அடுக்குமாடிகளில் எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள் கரி அடுப்பைப் பொதுவாகத் தடுக்கிறது. நம் பால்கனிகள் பலவற்றின் அகலமே அவ்வளவு இராது.

2. கரித் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வெளிவரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மழை வந்ததென்று அடுப்பை அறைக்குள் கொண்டுவந்தால் உறக்கத்திலேயே உயிர் போகலாம்.

3. புகை, பக்கத்து வீட்டு ஆஸ்துமா நோயாளியையும் கைக்குழந்தையையும் வாட்டும்.

ஆகவே பால்கனியில் கரி அடுப்பைத் தவிர்ப்பதே பேணுதலாகும். சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா போன்ற இடங்களில் இதற்கென்றே அடுப்புகள் கட்டி, அனுமதி பெற்றுப் பயன்படுத்தச் செய்திருக்கிறார்கள். நாமும் அனுமதியுள்ள திறந்தவெளியைத் தேடிக்கொள்ளலாம்.

திறந்தவெளியில் பேண வேண்டியவை

பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் இருக்கட்டும். எரியும் கரியில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். கொழுப்பு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள். அடுப்பை விட்டு அகலாதீர்கள். சிறுவர்களை அருகில் விடாதீர்கள். சாம்பலுக்குள் மறுநாளும் கனல் இருக்கலாம். கரியைத் தண்ணீரில் நன்றாக நனைத்து ஆறவிட்ட பின்னரே கொட்டுங்கள். தீப்புண் பட்டால் பற்பசையோ மையோ தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.

அண்டை வீட்டார் உரிமை

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே கேட்டார்கள். இது திர்மிதீயில் உள்ளது. ஆகவே இந்த உரிமை எச்சமயத்தாருக்கும் உண்டு. இறைச்சி உண்ணாதவராயின் பழமோ இனிப்போ அனுப்புவோம். நம் பெருநாள் அவர்களுக்குப் புகையாகப் போய்ச் சேராமல், அன்பாகப் போய்ச் சேர அல்லாஹ் அருள் புரிவானாக!