வலிக்கும் நேரத்தில் ஊரிலேயே இல்லாத குற்றவாளி

கேள்வி: ஜிம்மில் சேர்ந்த கையோடு, உடற்பயிற்சி உடலியங்கியலை இலவச வீடியோக்கள் மூலம் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். பயிற்சிக்கு மறுநாள் தசை வலிப்பதற்குக் காரணம் லாக்டிக் அமிலம் என்கிறது ஒரு வீடியோ. இல்லவே இல்லை என்கிறது இன்னொன்று. எதை நம்புவது?
– வாசகர், திருச்சி

பதில்: இரண்டாவதை நம்புங்கள். முதலாவதை நம்பியிருந்தாலும் வெட்கப்பட வேண்டாம், எங்கள் பி.டி. மாஸ்டரும் அதையேதான் சொல்லிக்கொடுத்தார்.

கடுமையாக ஓடும்போது தசையில் லாக்டேட் (ஹைட்ரஜன் அயனியை இழந்த லாக்டிக் அமிலம்) பெருகுவது உண்மை. ஆனால் ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள், ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் தொடங்கும் வலியோ 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்தைத் தொடுகிறது. குற்றம் நடக்கும்போது குற்றவாளி ஊரிலேயே இல்லை! இத்தனைக்கும் லாக்டேட் வெறும் கழிவல்ல. இதயமும் தசைகளும் அதை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. கல்லீரல் அதை மறுபடி குளுக்கோஸ் ஆக்குகிறது.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? உங்கள் ஊர் மலைக்கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். மறுநாள் தொடையைப் பிடிப்பதற்கு இறங்கியதுதான் பெரும்பாலும் காரணம். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கி, பிரேக் போல வேலை செய்கிறது. இதற்கு 'நீள்நிலைச் சுருக்கம்' என்று பெயர். பழக்கமில்லாத தசையில் இது நுண்ணிய சேதங்களை உண்டாக்குகிறது. அதைத் தொடர்ந்து வரும் அழற்சிதான் (உடல் பழுதுபார்க்கும்போது எழும் வீக்கமும் கூச்சமும்) வலியாகத் தெரிகிறது.

1983-இல் இதை டிரெட்மில்லில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறியது, மறுநாள் வலி இல்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறவில்லை, வலி வந்தது. தசைக்குள் ஏற்படும் கிழிசலே காரணமாக இருக்கலாம் என்று தியோடர் ஹஃப் என்ற உடலியங்கியலாளர் 1902-லேயே எழுதியிருந்தார் என்பதுதான் வேடிக்கை. ஆனால் தசை செலவிடும் ஆக்சிஜனுக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கிய ஓட்டோ மேயர்ஹோஃப் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அமிலத்தின் பெயர்தான் நிலைத்தது, ஹஃபின் பெயரை யாரும் கேட்பதில்லை.

இதையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். புதிய வீடியோத் தொடர் எதைத் திறந்தாலும், மறுநாள் வலியைப் பற்றிய பகுதியை முதலில் பாருங்கள். "மசாஜ் செய்து அமிலத்தைக் கரையுங்கள்" என்றால் மூடிவிடுங்கள். கான் அகாடமியில் தசைச் சுருக்கம், செல் சுவாசம் (உணவிலிருந்து செல் ஆற்றல் எடுக்கும் முறை) பற்றிய இலவசப் பாடங்கள் இருக்கின்றன. அவற்றை முடித்துவிட்டுப் பயிற்சிப் பாடங்களுக்கு வந்தால், யார் பிழையாகச் சொல்கிறார்கள் என்பது உங்களுக்கே பிடிபடும்.

செய்முறைப் பாடம் வேண்டுமானால், வலி போனதும் அடுத்த வாரம் மலைக்கோட்டையில் மறுபடி ஏறி இறங்குங்கள். இந்த முறை வலி குறைவாகவே இருக்கும். முதல் தடவையிலேயே தசை பாடம் கற்றுக்கொண்டிருக்கும்.