மூன்று ஊரின் விருந்தினர்

ஓர் ஊரின் செல்வங்களுள் சில அதன் எல்லைக்குள் அடங்குவன, சில அடங்காதன. வயலும் வீடும் எல்லைக்குள் அடங்கும். வானிற் பறக்கும் பறவை அடங்குமோ?

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அண்மையில் வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்னும் சிற்றூர்கள் உள்ளன. இவற்றின் கண்மாய்கள் மூன்றும் சேர்ந்ததே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். 1977ஆம் ஆண்டில் அமைந்த இதன் பரப்பு ஏறத்தாழ 38 ஹெக்டேர். மழை பெய்து கண்மாய்கள் நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, இராக்கொக்கு, உண்ணிக்கொக்கு முதலியன கூட்டங்கூட்டமாக வந்து நீரிடை நிற்கும் மரங்களில் தங்கும்.

அப்பருவத்திலேதான் தீபாவளியும் வருகின்றது. ஆயினும் இவ்வூர்ச் சிறுவர்கள் வெடி கொளுத்துவதில்லை. என்னை? பேரோசை கேட்பின், கூடு கட்ட வந்த பறவை அஞ்சி வேறிடம் நாடும். கூட்டில் முட்டை இருப்பின், தாய் எழுந்த இடைவேளையில் காக்கையும் பருந்தும் அதனைக் கவரும். இரண்டு ஊரார் அடங்கியிருக்க, மூன்றாம் ஊரார் ஒரு வெடி வெடிப்பினும் அனைவர் முயற்சியும் வீணாகும். ஆதலின் இந்நோன்பு மூவூர்க்கும் பொதுவாயிற்று. பறவைகளும் நன்றி மறப்பதில்லை. அவற்றின் எச்சம் கலந்த கண்மாய் நீர் வயல்களுக்கு நல்லுரமாகின்றது.

பறவைகளைக் காண மக்களும் வருகின்றனர். பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயிலும், செட்டிநாட்டு மாளிகைகளும் தொலைவில் இல்லை. அங்கு வருவோர் இங்கும் வந்து தங்கினால் சிற்றூர்களுக்கு வருவாய் பெருகும். ஆனால் சாலையோரத்து ஊர் மட்டுமே அவ்வருவாயைப் பெறுமாயின், ஏனைய ஊரார்க்கு மனத்தாங்கல் உண்டாகும், காவலும் தளரும். ஆகவே ஓரூரார் உணவு சமைத்தளிக்கலாம். மற்றோர் ஊர் இளைஞர் வழிகாட்டலாம். பிறிதோர் ஊரார் வண்டிகள் நிற்க இடம் தரலாம். வரும் பொருளில் ஒரு பங்கைப் பொதுவில் வைத்துக் கண்மாய்களைத் தூர் வாரலாம், வரத்துக்கால்களைச் செப்பனிடலாம். நீரின்றேல் பறவையில்லை, பறவையின்றேல் காண வருவோரும் இல்லை.

மாணவர்களே! காக்கும் கடமையில் பங்கு கொள்வோர்க்கெல்லாம் பயனிலும் பங்கு வேண்டும். அண்டை ஊரைப் போட்டியாக எண்ணாது துணையாக எண்ணுங்கள். சேர்ந்து காத்த செல்வத்தைப் பகிர்ந்து துய்ப்பதே அதனை நிலைபெறச் செய்யும் வழியாகும்.