புல்லட்டின் தட்டொலி

என் தந்தையாரின் 1974ஆம் ஆண்டுப் புல்லட்டில் தட்டொலி எழுந்தது. கிக்கரில் அழுத்தமில்லை, கிளம்பினாலும் திணறிற்று. 'ரீபோர் செய்ய வேண்டும்' என்றனர் பட்டறையில். அதற்குப் பணமில்லை; விற்றுவிடத் துணிந்தார் தந்தையார்.

நீண்ட திருப்புளியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். பிஸ்டன் தேய்ந்திருந்தால் ஒலி சூடேறச் சூடேறக் குறையும். பிக்எண்ட் பேரிங் தேய்ந்திருந்தால் மேடேறும்போது அடியிலிருந்து கனமாக இடிக்கும். இதுவோ மேலிருந்து வந்தது. சைலன்சரின் ஒவ்வொரு 'டுப்'புக்கும் ஒரு 'டிக்'. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இருமுறை சுழன்றால் காம் ஒருமுறைதான் சுழலும் என்று நாம் படித்ததுதானே! ஆகவே வால்வுப் பக்கமே ஐயத்துக்குரியது.

எஞ்சின் நன்கு ஆறியபின், அழுத்த வீச்சின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி டாப்பெட் மூடியைக் கழற்றினேன். புஷ்ராடு விரலால் திருப்பினால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடலாகாது. உள்ளிழு வால்வின் புஷ்ராடு ஆடிற்று, ஒலி அதனுடையது. வெளியேற்று வால்வினுடையதோ சுழலவே மறுத்தது! ஒலியை அடக்க எண்ணி யாரோ அளவுக்குமேல் இறுக்கியிருக்க வேண்டும். வால்வு முழுதும் மூடாமல் அழுத்தம் கசிந்திருக்கிறது. சத்தமில்லாத பக்கமே பெரிய நோயாளி!

இரண்டையும் சரிசெய்ய அரைமணி ஆயிற்று. மூன்றாம் உதையில் கிளம்பிற்று. மாலையில் விலை பேச வந்தவரைத் தந்தையார் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.