குகைக்கோயிலில் ஜெர்மன் பழகலாம்

இலக்கணத்தை உருப்போட்டால் மட்டும் ஜெர்மன் வாயில் வராது. நம் ஊர்ப் பண்பாட்டை வைத்தே பேசிப் பழகுங்கள். செஞ்சிப் பக்கத்தினருக்கு மண்டகப்பட்டு குகைக்கோயில் தோதான இடம். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி மும்மூர்த்திகளுக்கு எடுத்ததாகப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டே அங்கு சொல்கிறது. அதையே 'ஓனெ ஹோல்ட்ஸ், ஓனெ மெட்டால்' (மரமின்றி, உலோகமின்றி) என்று அடுக்கிப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் ஒருவர் வழிகாட்டியாகவும் மற்றவர்கள் ஜெர்மன் பயணிகளாகவும் நடிக்கலாம். கேள்வி வாக்கியங்கள் தானாகப் படியும். பேசியதைக் கைபேசியில் பதிந்து கேளுங்கள். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும்!

வீட்டில் பார்க்க, ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் இலவசக் காணொளிப் பாடம் 'நிகோஸ் வேக்' போதும். சான்றிதழ் வேண்டுமானால் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் தொடக்கநிலையான ஏ1 தேர்வு எழுதலாம். தேதி, கட்டணத்தை முன்பே விசாரித்துவிடுங்கள்.