தலைக்கட்டும் அடுப்பும்

குடும்பம் என்னும் சொல் ஒன்றே. அச்சொல் குறிக்கும் அமைப்போ ஒருவரது வாழ்நாளிலேயே பன்முறை மாறுகின்றது. கிராம அபிவிருத்திப் பணியாளர் யாவரும் இவ்வுண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பழவேற்காடு ஏரியைச் சார்ந்த தோணிரேவு போன்ற மீனவ ஊர்களில் ஒரு பெண்ணின் வாழ்க்கை வழக்கமாகச் செல்லும் நெறியை நோக்குவோம். பெற்றோர் வீட்டில் வளர்ந்தவள், மணமானதும் கணவன் வீடு புகுகின்றாள். அங்கே மாமியாரின் அடுப்பே அனைவர்க்கும் பொது. அது கூட்டுக் குடும்பம். கொழுந்தனுக்கு மணம் முடிந்ததும் அதே மனையில் வேறு குடிசை எழும்புகின்றது, அடுப்பும் வேறாகின்றது. இது தனிக்குடித்தனம். ஆயினும் வலையும் தோணியும் கடனும் உடன்பிறந்தார்க்குப் பொதுவாகவே நிற்பதுண்டு. பின்னர் தன் மகனுக்கு மருமகள் வந்ததும் அவளே மாமியாராகிக் கூட்டுக் குடும்பத்தை நடத்துகின்றாள். மக்கள் பிரிந்து, கணவனும் மறைந்தபின், தனியே உலை வைக்கின்றாள். அன்றேல் மகன்மார் வீடுகளில் முறை வைத்து உண்கின்றாள்.

ஆகவே, ‘அக்காலத்தில் கூட்டுக் குடும்பம், இக்காலத்தில் தனிக்குடும்பம்’ என்று எளிதில் முடிவு கட்டுதல் தகாது. குஜராத்தின் மஹுவா நகரக் குடும்பங்களை ஆராய்ந்து 1964-இல் நூல் வெளியிட்ட ஐ. பி. தேசாய் என்னும் சமூகவியல் அறிஞரும், வீடு பிரிவதால் மட்டும் உறவின் கடமைகள் அற்றுப்போவதில்லை என்பதை எடுத்துக்காட்டினார்.

இனி, குடும்பத்தை எண்ணும் முறைக்கு வருவோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒரே சமையலில் உண்டு சேர்ந்து வாழ்வோரை ஒரு குடும்பமாகக் கொள்கின்றது. கடற்கரை ஊர்ப் பஞ்சாயத்தோ, மணமான ஆணைத் ‘தலைக்கட்டு’ எனக் கொண்டு அவனிடம் ஊர்வரி பெறுகின்றது. ஊரின் உரிமைகளும் அவ்வழியே பகிரப்படுகின்றன. தொழிற் கட்டுப்பாட்டிற்கு இம்முறை பெரிதும் உதவியது. ஆனால் கைம்பெண்ணுக்கு அதில் இடம் அரிது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி தாக்கியபின், தலைக்கட்டுக் கணக்கைப் பின்பற்றி நிவாரணம் பகிர்ந்த கடலோர ஊர்கள் பலவற்றில், கணவனை இழந்த பெண்கள் விடுபட்டனர். அவர்கள் பசியின்றி இருந்ததாலன்று. பட்டியலில் இன்மையால் விடுபட்டனர்.

2023 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், குடும்பத் தலைவியைப் பயனாளியாக ஏற்றது. நோக்கம் நன்று. எனினும் மூன்று அடுப்புகளில் முறை வைத்து உண்ணும் மூதாட்டி எக்குடும்பத்தின் தலைவி என்னும் வினா எழவே செய்யும்.

எனவே பட்டியல் எழுதுவோர் வாயிலில் நின்று தலைகளை எண்ணுவதோடு அமையலாகாது. அடுப்பு யாருடையது, வருவாய் யார் கையில் சேர்கின்றது, நோயுற்றால் பார்ப்பவர் யார் என மூன்றையும் வினவுதல் வேண்டும். திருமணம், பாகம் பிரிதல், மரணம் ஆகியவை நிகழுந்தோறும் பட்டியலைத் திருத்துதலும் வேண்டும். ஏரி நீர் பருவந்தோறும் பெருகுவதையும் வற்றுவதையும் கண்டு வலை வீசும் மக்களின் நலனை, என்றோ எழுதிய ஏட்டைக்கொண்டு பேணுதல் இயலாது.